அந்திப் பள்ளியைப் பூட்ட வேண்டாம்: நம் படிப்பகத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மக்களே,

'தோழர்களே' என்று தொடங்கியிருக்கலாம். நீங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறீர்கள். இருபது வயதில் நானும் அப்படி அழைத்தவன்தான். ஆனால் உங்களில் பாதிப்பேரைச் சிலேட்டும் கையுமாக அலைந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். குமரி மாவட்டத்து விளவங்கோட்டுக்காரன் அன்போடு பேச வாயெடுத்தால் முதலில் வருவது 'மக்களே' என்கிற சொல்தான். அதுவே இருக்கட்டும்.

நீங்கள் வீட்டுக்கு வந்து தந்துவிட்டுப் போன எட்டுப் பக்க அறிக்கையை இரண்டு முறை வாசித்தேன். அதில் இரண்டு முடிவுகள். படிப்பகத்தின் பின்னறையில் நடக்கும் அந்திப் பள்ளியை இந்த மாதத்தோடு நிறுத்துகிறீர்கள். சீதனம் கேட்காமலும் கொடுக்காமலும் கல்யாணம் நடத்துங்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பேசிவந்ததையும் விட்டுவிடுகிறீர்கள். இரண்டும் 'சீர்திருத்தவாதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கிற உலையில் தண்ணீர் தெளிப்பதுபோல இவை மக்களின் கோபத்தைத் தணிக்கின்றனவாம், விழ வேண்டிய அமைப்புக்கு முட்டுக் கொடுக்கின்றனவாம். இனி முழு நேரமும் அரசியல் வகுப்புக்கும் அணிதிரட்டலுக்கும் என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்களைத் தனியே கூப்பிட்டுப் பேசாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் அறிக்கை எல்லோர் கைக்கும் போயிருக்கிறது. முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸில் வேலை முடிந்து வருகிற வழியில் பிள்ளைகளைப் பின்னறையில் விட்டுச் செல்லும் தாய்மார் கைக்கும் போயிருக்கிறது. அவர்களில் ஒருத்தி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாமா, எங்க பிள்ளைங்க நாலெழுத்து படிச்சா இவங்களுக்க புரட்சி கெட்டுப்போவுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த மடல் அவளுக்கும் நான் சொல்ல வேண்டிய பதில்.

உங்கள் கோபத்தில் நான் குறை காணவில்லை. அண்டி உடைக்கும் பெண்களின் விரல்களை நானும்தான் பார்க்கிறேன். தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து, பெருவிரல் ரேகை தேய்ந்த கைகள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், மழை பெய்தால் அன்றைக்குக் கூலியில்லை என்று வெறுங்கையோடு திரும்புவதையும் பார்க்கிறேன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர்க் கரைகளில் திரும்பி வராத ஆண்களின் பெயர்களை வீடு வீடாகக் கேட்டு எழுதியவர்கள் உங்களில் மூத்தவர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கோபம் வராவிட்டால்தான் குறை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பது வருடமாக இதை வெளியே சொன்னதில்லை.

1975-ல் என் தங்கைக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டில் இருபது பவனும் ரொக்கமும் கேட்டார்கள். அப்பாவிடம் இருந்தது வீடு நிற்கும் மனையும், பாட்டா காலத்துத் தென்னை நின்ற ஒரு விளையும். நான் அப்போது ஓர் இயக்கத்தில் முழு மூச்சாக இருந்தேன். பெயர் வேண்டாம், அதில் இருந்த பலர் இன்றைக்கு இல்லை. ஒரு ராத்திரி தங்கை திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, நீ அங்க போய் ஒரு வார்த்த பேசப்பிடாதா? படிச்ச வீடுதானே, நீ சொன்னா கேப்பாங்க" என்றாள். நான் அவளுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். சீதனம் என்பது மேற்கட்டுமானம், நிலவுடைமை உறவுகளின் வெளிப்பாடு, அடித்தளம் மாறாமல் அது மாறாது, தனிமனிதர்களிடம் போய்க் கெஞ்சுவது சீர்திருத்தவாதம், புரட்சி முடிந்தால் இது தானாக உதிர்ந்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். உங்கள் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இருப்பது கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். வாசித்தபோது கை நடுங்கிற்று.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆவணி மாதம் விளையை விற்றார்கள்.

மாப்பிள்ளை வீடு இரண்டு மைல் தூரம். போயிருந்தால் கேட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை. பின்னாளில் அந்த மாப்பிள்ளையே ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அண்ணைக்கு யாராவது ஒருத்தர் வந்து கேட்டிருந்தா எங்கப்பா பாதியா குறைச்சிருப்பாரு மச்சான். ஒருத்தரும் கேக்கல்ல."

அந்தக் கல்யாணம் நடந்தபோது வரதட்சணைத் தடைச் சட்டம் வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. 1961-லேயே வந்த சட்டம் அது. சட்டம் வந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்னொரு சட்டத்தின் கதை உண்டு, அது எங்கள் வீட்டுக்கும் பொருந்தியது. திருவிதாங்கூரில் 1916-ல் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டார்கள். அப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலும்கூட, அந்தப் பங்கும் இல்லை. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் நம் பக்கத்துக் குடும்பங்களில் அதே வழக்கந்தான் ஓடியது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் என்கிற ஒரு பெண், சொந்தச் சகோதரனோடு வழக்காடி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1986-ல் தீர்ப்பு வந்தது: 1951 ஏப்ரல் 1-லிருந்தே அந்தப் பழைய சட்டம் செல்லாது, மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அதன் பிறகும் அவருடைய சொத்து அவர் கைக்கு வரப் பல வருடங்கள் ஆயின.

அந்தத் தீர்ப்பைப் பற்றிச் செய்தித்தாளில் வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறு வருடம், அப்பா விட்டுச்சென்ற மனையில் பாதியைத் தங்கை பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு சென்ட். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, "அண்ணைக்கு நீ பேசின பேச்சு எனக்கு ஒண்ணும் விளங்கல்ல அண்ணே, இது விளங்குது" என்றாள்.

மக்களே, உங்கள் அறிக்கையில் எனக்கு மிகவும் உறுத்திய சொல் 'பிறகு'. புரட்சிக்குப் பிறகு, அதிகாரத்தைக் கைப்பற்றிய பிறகு, முரண்பாடு முற்றிய பிறகு. நீங்கள் எதிர்க்கிற பழைய ஆட்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். காலம் கனிந்த பிறகு, ஜனங்கள் பக்குவப்பட்ட பிறகு என்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் தங்கைக்கு இரண்டு 'பிறகு'ம் ஒன்றுதான். சீர்திருத்தக்காரன் மெல்லப் போகிறான் என்று நீங்கள் கேலி செய்கிறீர்கள். மெல்லத்தான் போகிறான். ஆனால் அவன் இன்றைக்குப் புறப்படுகிறான்.

நாம் நிற்கிற இந்த மண் எப்படி இப்படி ஆயிற்று என்று கொஞ்சம் யோசியுங்கள். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பற்றி நீங்கள் வருடந்தோறும் கூட்டம் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் அதை ஒரு நாளில் வெடித்த கிளர்ச்சியாகச் சித்திரிக்கிறீர்கள். அது 1820-களின் தொடக்கத்தில் கிளம்பி 1859 வரை நடந்த கதை. நடுவில் 1829-ல் ஓர் அரச ஆணை வந்தது: கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போடலாம், மேல்சீலை அணியக் கூடாது. பாதி உரிமை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பெண்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். அதோடு நிற்காமல் சீலையும் அணிந்துகொண்டு சந்தைக்குப் போனார்கள். அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டது, மறுநாள் திரும்பவும் அணிந்தார்கள். 1859 கலவரத்தில் ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். ஜூலை 26-ல் வந்த பிரகடனத்திலும் ஒரு முள் இருந்தது. எந்த மதத்து நாடார் பெண்ணும் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் அணியக் கூடாது என்றார்கள். அந்த முள்ளை எடுத்துப் போட்டது அடுத்த தலைமுறைப் பெண்கள் தங்கள் இஷ்டப்படி உடுத்தி நடந்த நடைதான்.

சீர்திருத்தம் என்றால் நீங்கள் நினைப்பதுபோல மனுக் கொடுத்துவிட்டு வராந்தாவில் காத்திருப்பதல்ல. அந்தப் பெண்களுக்கு வாங்கிய அடி தெரியும். ஆனால் அவர்கள் தங்கள் சீலையை ஓர் ஆட்சி மாற்றத்தோடு கட்டிப் போடவில்லை.

அதே காலத்தில்தான் சாமித்தோப்பில் வைகுண்டர். மேல்முண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று விதித்திருந்த நாட்டில், தலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க விடாத நாட்டில் முத்திரிக் கிணறு வெட்டி, எல்லாச் சாதியாரையும் அதில் நீராட வைத்தார். ஒன்றாக உட்கார்ந்து உண்ண வைத்தார். துவையல் பந்தி என்று குடும்பங்களைக் கூட்டி, துவைத்து உடுத்தவும் சுத்தமாக வாழவும் பழக்கினார். சுவாதித் திருநாள் அரசு அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. வெளியே வந்து அவர் படை திரட்டவில்லை; ஊர் ஊராக நிழல்தாங்கல் என்கிற வழிபாட்டு இடங்களுக்கு வழி வகுத்தார். 1851-ல் அவர் மறைந்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-ல். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே ஒருவன் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று பழகியிருந்தான். இன்றைக்கும் அவர் வழிக் கோயிலான பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் சிறு பையன்கூடச் சொல்வான்.

உங்கள் அறிக்கை 'சமரசம்' என்ற சொல்லைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறது. வைக்கம் நினைவிருக்கிறதா? 1924 மார்ச் 30-லிருந்து 603 நாள் நடந்த போராட்டம். பெரியார் இரண்டு முறை சிறை போன போராட்டம். கேட்டது கோயில் அல்ல, கோயிலைச் சுற்றிய தெரு. கிடைத்தது அதிலும் மூன்று பக்கத் தெரு. கிழக்குத் தெரு அப்போதும் திறக்கவில்லை. நீங்கள் அன்றைக்கு இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். துரோகம் என்றுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அந்த மூன்று தெருவில் நடந்தவர்கள்தான் அடுத்த வாசலைத் தட்டினார்கள். நம் சுசீந்திரத்தில் 1926-ல் சத்தியாகிரகம் தொடங்கியது. எம்பெருமாள் நாயுடு, காந்திராமன் பிள்ளை போன்றவர்கள் தங்கள் சாதிக்காரர்களின் வசவை வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஈழவர்கள் மதம் மாறிவிடுவோம் என்று பேசத் தொடங்கியதும் அரசுக்குப் பயம் வந்தது. 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தெருவிலிருந்து கருவறை வாசலுக்குப் பதினோரு வருடம். ஆயிரம் வருடப் பூட்டுக்குப் பதினோரு வருடம் நீளமா, குட்டையா? நீங்களே சொல்லுங்கள்.

நாஞ்சில்நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி இருந்தது. சம்பாதித்தவன் சொத்து மருமகனுக்குப் போகும். பெண்டாட்டியும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள். தேரூர்க் கவிமணி அதைப் பார்த்து மருமக்கள்வழி மான்மியம் எழுதினார். ஒரு பெண் தன் குடும்பக் கதையைத் தானே சொல்லி அழுவதுபோல, வாசிக்கிறவன் சிரித்துச் சிரித்துக் கடைசியில் தலைகுனிகிற மாதிரி. பின்பு 1926-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது, வழி மாறியது. ஒருவர் தலையும் உருளவில்லை. நூறு வருடத்தில் அந்த வழக்கம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அளவுக்கு மறைந்தே போயிற்று.

இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். 'மெல்ல மெல்ல' என்று சொல்லியே தாழ்த்தப்பட்டவனை நூற்றாண்டுக்கணக்கில் உட்கார வைத்தவர்கள் உண்டே என்பீர்கள். உண்டு. வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் பார்த்துப் பொறு என்று சொல்வதைவிட அசிங்கம் வேறில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் யார் என்று பார்த்து நீங்கள் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஒரு சீர்திருத்தம் உண்மையானதா என்று அறிய எனக்கு ஒரே உரைகல்தான் உண்டு. இந்த வருடம் யாருக்கு, என்ன மாறிற்று? பெயர் சொல்ல முடிய வேண்டும். அந்திப் பள்ளியில் நான் பெயர் சொல்வேன். போன வருடம் பத்தாம் வகுப்பில் தேறிய நான்கு பிள்ளைகளின் தாய்மாரும் அண்டி ஆபீஸ் போகிறவர்கள். சீதனமில்லாமல் நீங்கள் பேசி முடித்த இரண்டு கல்யாணங்களின் பெண்களை நான் தெருவில் பார்க்கிறேன். உங்கள் அரசியல் வகுப்பு எனக்குப் பெயர் சொல்லட்டும், காத்திருக்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு. அதே மாவட்டத்தில்தான் பெண் பிறந்தால் அப்பன் பவன் கணக்குப் போடத் தொடங்குகிறான். படிப்பு மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் நம்பினால் அது ஏமாளித்தனம். நூறு அரசியல் வகுப்பு நடத்தினாலும் அந்தக் கணக்கு மாறாது என்பதும் எனக்கு நிச்சயம். அது மாறுவது ஒரு வீட்டுத் திண்ணையில், ஒரு அப்பனும் அம்மையும் கூச்சத்தோடு 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்கிற அந்த நிமிடத்தில். அந்தத் திண்ணைக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்லக் கசக்கிறது. கொள்கை இறுகினால் மனிதரை எப்படிப் பார்க்க வைக்கும் என்பதை நான் உள்ளிருந்து பார்த்தவன். எங்களோடு ஒரு பால்வெட்டுத் தொழிலாளி இருந்தார். மலையடிவாரத் தோட்டங்களில் கூலி உயர்வுக்கு ஆட்களைத் திரட்டியவர் அவர்தான். எங்களில் படித்தவர்கள் யாராலும் அது முடிந்ததில்லை. அவர் அம்மா செத்தபோது பதினாறாம் நாள் அடியந்திரம் செய்தார், மொட்டையும் போட்டார். அதற்காக அவரை நிறுத்தி வைத்து விசாரித்தோம். மூடநம்பிக்கை, திரிபுவாதம் என்றெல்லாம் பேசினோம். விலக்கத் தீர்மானத்தை எழுதிய கை என் கை. அவர் ஒன்றும் பேசவில்லை. "எனக்க அம்மைக்கு நான் செய்யாம வேற ஆரு செய்யும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அவரோடு நாற்பது குடும்பங்களும் போயின. எங்கள் கையில் மிஞ்சியது தீர்மானப் புத்தகம்.

சுவரில் 'சீனத் தலைவர் எங்கள் தலைவர்' என்று கரியால் எழுதிய கூட்டத்தில் நானும் இருந்தேன். சீனத்துக் கம்யூன்களைப் பற்றிச் சொர்க்கத்தைப் போலப் பேசுவோம். 1958-லிருந்து நடந்த அந்தப் 'பெரும் பாய்ச்ச'லில் கோடிக்கணக்கான உழவர்கள் பட்டினியால் செத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. யாராவது சொன்னாலும் எதிரியின் பொய் என்றுதான் சொல்லியிருப்போம். கீழேயிருந்த அதிகாரி பயந்துபோய் விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கெழுதினான். அந்தக் கணக்கை நம்பி இருந்த நெல்லையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கணக்குப் பொய் என்று சொல்ல ஒருவனுக்கும் இடமில்லாமல் போனதுதான் அங்கே நடந்த முதல் கொலை. 1975-லிருந்து 1979 வரை கம்போடியாவில் இன்னும் சுத்தமான புரட்சி நடந்தது. பட்டணங்களைக் காலி செய்தார்கள், பள்ளிகளையும் பணத்தையும் ஒழித்தார்கள். நான்கே வருடத்தில் ஏறக்குறைய நாட்டில் நான்கில் ஒருவர் மாண்டார்கள். எல்லாப் புரட்சியும் அங்கேதான் போய்ச் சேரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் ஏடு தவறவே தவறாது என்று நம்புகிறவன் கையில் நாட்டைக் கொடுத்தால் திரும்பி வரும் வழி அடைபட்டுப் போகும். அந்திப் பள்ளியில் தப்பாகப் பாடம் சொல்லிவிட்டால் மறுநாள் அழித்து எழுதலாம்.

நீங்கள் அறிக்கையில் ஜெர்மனியில் புரட்சிக்காக நின்ற ரோசா லக்சம்பர்க்கைச் சான்றுக்கு அழைத்திருக்கிறீர்கள். சீர்திருத்தமே போதும் என்ற பெர்ன்ஸ்டைனோடு அவர் வாதாடியதை நானும் வாசித்தவன்தான். ஆனால் அதே ரோசா 1918-ல் சிறையில் இருந்துகொண்டு ரஷ்யப் புரட்சியைப் பற்றி எழுதினார், அதையும் வாசியுங்கள். மாற்றுக் கருத்துக்காரனுக்கு இல்லாத சுதந்திரம் சுதந்திரமே இல்லை என்பது அதன் சாரம். லெனினையும் அவரோடு நின்றவர்களையும் பாராட்டிக்கொண்டே அதைச் சொன்னார்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பூதப்பாண்டி ஜீவா இல்லையா? கதரில் தொடங்கி, சுயமரியாதை இயக்கத்துக்குப் போய், பிறகு பொதுவுடைமையில் நின்றவர். கடைசிவரை பொதுவுடைமைக்காரர்தான். ஆனால் கம்பன் விழா மேடையில் ஏறிக் கம்பனைக் கொண்டாடப் பயப்படாதவர். தன் மக்கள் எதை நெஞ்சில் வைத்திருக்கிறார்களோ அதை மிதித்துக்கொண்டு அவர்களிடம் போக முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அந்தப் பால்வெட்டுக்காரரின் மொட்டைத் தலையைப் பார்த்தோம்; ஜீவா இருந்திருந்தால் அவர் அம்மையைப் பற்றி விசாரித்திருப்பார்.

இறுகிய கொள்கை சிவப்பு நிறத்தில் மட்டும் வருவதில்லை என்பதை 1982 மார்ச்சில் மண்டைக்காடு நமக்குக் காட்டிற்று. சாமியின் பெயரால் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதி இரண்டு பக்கமும் ஊர்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எங்கள் ஊருக்குத் தினமும் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் அக்கா மாதக்கணக்கில் வரவில்லை. எங்கள் ஆட்களும் கடற்கரைப் பக்கம் போகப் பயந்தார்கள். குன்றக்குடி அடிகளார் வந்து இரு தரப்பாரிடமும் அமர்ந்து பேசினார். அது பெரிய காரியம். ஆனால் எங்கள் தெருவில் சமாதானம் வந்த நாள் வேறு. ஒருநாள் காலையில் அந்த அக்கா பாதிச் சுமையோடு முக்கில் தயங்கி நின்றாள். என் அம்மா வெளியே போய், "ஏன் பிள்ளே இவ்வளவு நாளா காணல்ல?" என்று கூப்பிட்டுச் சாளை வாங்கினாள். அன்றைக்கு ஒரு வீடு வாங்கியது. அடுத்த வாரம் ஐந்து வீடு. ஓணம் வந்தபோது பழையபடி விலைபேசிச் சண்டை போட்டார்கள்.

நான் இயக்கத்தை விட்டு வெளியே வந்து தேனீ வளர்க்கத் தொடங்கியவன் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் இந்தத் தொழில் பரவியதற்குக் காரணமே ஒரு பொறுமைக்காரர்தான். ஸ்பென்சர் ஹாட்ச் என்று ஓர் அமெரிக்கர், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.-வின் ஊரகச் சீரமைப்புப் பணிக்காக மார்த்தாண்டத்தில் வந்து தங்கினார். பெரிய திட்டம் ஒன்றும் அவர் கொண்டுவரவில்லை. நிலமில்லாதவன் வீட்டு முற்றத்திலும் வைக்கக்கூடிய தேனீப்பெட்டி, நல்ல கோழிமுட்டை, சுத்தமான கருப்பட்டி, விற்கக் கூட்டுறவு. அவ்வளவுதான். மார்த்தாண்டம் என்றால் தேன் என்று ஆனது அப்படி.

1991-92-ல் அந்தத் தொழில் ஒரேயடியாக விழுந்தது. தாய்லாந்துப் பக்கமிருந்து பரவிய வைரஸ் நோய். புழு கூட்டறைக்குள்ளேயே பைபோல வீங்கிச் சாகும். என்னிடம் அறுபது பெட்டி இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஐம்பத்தாறு பெட்டி காலியாயிற்று. திறந்தால் புளித்த நாற்றம். நோய் தாங்காத நாட்டு ஈயை மொத்தமாகக் கைவிட்டு வெளிநாட்டு ஈயைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள் சிலர். தொழிலையே விட்டுவிடு என்றார்கள் பலர். மிஞ்சிய நான்கு பெட்டியை நான் விடவில்லை. நோய் அவற்றையும் தொட்டது, ஆனால் அவை சாகவில்லை. அவற்றை ஒவ்வொரு பருவத்திலும் பிரித்தேன். நான்கு ஏழாயிற்று, அதில் மூன்று செத்தன, மீண்டும் பிரித்தேன். ரப்பர் இலையுதிர்ந்து துளிர்க்கும் மாசி பங்குனியில் தோட்டத்துக்குள் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழையபடி அறுபது பெட்டி ஆக ஒன்பது வருடம் பிடித்தது. நம் மாவட்டம் முழுக்க அப்படித்தான் நடந்தது. தாங்கி நின்ற கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழிலை மீட்டார்கள். நீங்கள் சாப்பிட்டு வளர்ந்த தேன் அந்த நான்கு பெட்டியின் வழி வந்தது.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. உங்கள் அரசியல் வகுப்பை நடத்துங்கள். நானும் வந்து கடைசி வரிசையில் உட்காருவேன். அண்டி ஆபீஸ் பெண்களுக்குக் கையுறையும் முறையான கூலியும் கேட்டுப் போராடுங்கள். முதல் ஆளாக நான் வருகிறேன். பின்னறையை மட்டும் பூட்ட வேண்டாம். சித்திரையில் நம் தெருவில் ஒரு கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணின் அப்பன் என்னிடம் மனை விற்க ஆள் கேட்டார். மாப்பிள்ளை வீடு திருவட்டார் பக்கம். இந்த முறை நான் போகப்போகிறேன். எனக்கு எழுபது கடந்துவிட்டது, கூட இரண்டு பேர் வந்தால் தெம்பாக இருக்கும். மாப்பிள்ளை உங்கள் வயசுக்காரன். அவனிடம் நீங்கள் பேசினால்தான் எடுபடும்.

பின்னறைச் சாவியை வியாழக்கிழமை நீங்கள் என்னிடம் தந்துவிட்டுப் போனீர்கள், மாத முடிவில் பூட்டிவிடும்படி. அன்று மாலை பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, பகுதி வேறு வேறாக இருக்கும் பின்னங்களை எப்படிக் கூட்டுவது என்று கேட்டாள். எனக்கு அது மறந்துபோயிற்று. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களில் கணக்குப் படித்தவர் யாராவது நாளைக்கு ஆறு மணிக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் தேன்பெட்டி மாமா
மார்த்தாண்டம் அருகிலிருந்து